ஆலைக்குக் கிடைக்கும் நியாயம் ஆளுக்கும் வேண்டும்

வடசென்னையின் மணலி புதுநகரிலிருந்து தெற்கே பார்த்தால் வானத்தின் ஓரத்தில் புகைபோக்கிகள் வரிசைகட்டி நிற்கின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பின்னாலேயே வந்த உரத் தொழிற்சாலை, அவற்றைச் சுற்றி எழுந்த பெட்ரோகெமிக்கல் ஆலைகள் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்த தொழிற்பகுதி இது. நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் அடையாளம் கண்ட 43 தொழிற்பகுதிகளில் மணலியும் இருந்தது. 2014இல் அதே வாரியம் இன்னொரு உத்தரவு போட்டது. அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வெளியேறும் வாயிலும் சென்சார் பொருத்த வேண்டும். அங்கே பதிவாகும் அளவுகள் இரவு பகலாக வாரியத்தின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த உத்தரவு.

ஒரு நள்ளிரவில் சென்சார் வரம்பு மீறிய அளவைக் காட்டினால் என்ன ஆகும்? வாரியம் ஆலையிடம் விளக்கம் கேட்கலாம், எச்சரிக்கலாம். ஆனால் சட்டத்தின் முன் சான்றாக நிற்பதற்கு 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டம் வகுத்திருக்கும் வழி நீளமானது. அதன் 26ஆம் பிரிவின்படி அதிகாரி நேரில் போக வேண்டும். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பப்போவதாக ஆலைப் பொறுப்பாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, கலத்தை முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வறிக்கையின் ஒரு பிரதி ஆலைக்கும் போக வேண்டும். மாதிரி எடுக்கும் நடைமுறை தவறினால் அந்த ஆய்வு முடிவு எந்தச் சட்ட நடவடிக்கையிலும் சான்றாக ஏற்கப்படாது. 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆலை கேட்டால் கழிவுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பவும் இடம் தருகிறது.

இந்தப் பாதுகாப்புகளைக் குறை சொல்வதற்கில்லை. சென்சாரில் கரி படியலாம்; நாளடைவில் அளவீடு பிசகலாம். ஒரு கருவி காட்டிய எண்ணை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது, பாதிக்கப்படுபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பது நல்ல சட்டத்தின் இலக்கணம்.

அந்த ஆலைகளின் வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவருக்கும், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுபவருக்கும், மணலி புதுநகர் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் இதே நியாயம் கிடைக்கிறதா? செயற்கை நுண்ணறிவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மாநாடுகளில் நடக்கும் பெரிய விவாதத்தில் சாதாரண மனிதர்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

முகத்துக்கு விதி இல்லை

தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகமறி மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம் உருவாக்கிய மென்பொருள் அது. ரோந்து செல்லும் காவலர் கைப்பேசியில் ஒருவரைப் படம் பிடித்து, காவல்துறையின் படத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காணாமல்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்கவும், அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் கண்டறியவும் இது உதவும். அந்தப் பயனை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த மென்பொருள் ஆம், இல்லை என்று பதில் சொல்வதில்லை. இவ்வளவு விழுக்காடு ஒத்துப்போகிறது என்று ஓர் எண்ணைத் தருகிறது. எத்தனை விழுக்காடு இருந்தால் ஒருவரை நிறுத்தி விசாரிக்கலாம்? இதற்கு நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. டெல்லி காவல்துறை 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் அதைச் சரியான பொருத்தமாகக் கொள்வதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2022இல் பதில் தந்தது. அந்த 80 என்ற எண்ணை நாடாளுமன்றமோ நீதிமன்றமோ முடிவு செய்யவில்லை. அந்தக் காவல்துறையே வைத்துக்கொண்ட அளவு அது.

பிழை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். வெளிர் நிற ஆண்களிடம் பிழை ஒரு விழுக்காட்டைத் தொடவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் அது 34 விழுக்காடு வரை போனது. கறுத்த முகங்கள் பயிற்சிப் படங்களில் குறைவாக இருந்தால் மென்பொருள் அவற்றைச் சரியாகக் கற்பதில்லை. வெயிலில் நின்று வேலை செய்பவர்கள் நிறைந்த வடசென்னையில் ஒரு முகமறி மென்பொருளைக் கொண்டுவருவதற்கு முன், அது இந்த ஊர் முகங்களில் எப்படிச் சோதிக்கப்பட்டது என்று கேட்பது குடிமக்களின் அடிப்படை உரிமை. பதில் சொல்ல வேண்டிய சட்டக் கடமைதான் யாருக்கும் இல்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையால் 2020 ஜனவரியில் கறுப்பினத்தவர் ஒருவர் தன் வீட்டு வாசலில், மனைவி மக்கள் கண் முன்னால் கைது செய்யப்பட்டார். கைக்கடிகாரக் கடைத் திருட்டு ஒன்றில் முகமறி மென்பொருள் தவறாக அவரைக் காட்டியதுதான் காரணம். நான்கு ஆண்டுகள் கழித்து அந்நகரம் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. முகமறிப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்ற விதியையும் அந்த உடன்பாட்டில் ஏற்றுக்கொண்டது. அங்கே விதி வருவதற்கு ஓர் அப்பாவி இரவு முழுக்கக் காவலில் இருக்க வேண்டியிருந்தது.

இங்கே 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் கைரேகை, கருவிழி, புகைப்படம் ஆகியவற்றைச் சேகரித்து 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. சேகரித்ததைப் பாதுகாக்கும் திறனும் அதே அளவு வளர்ந்திருக்க வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறி இணையதளத்துக்குள் வெளியார் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோனதைக் காவல்துறையும் உறுதி செய்தது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

தராசுக்கு முத்திரை உண்டு

கருவிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதில்லை. காசிமேட்டில் மீன் நிறுக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும்; முத்திரை இல்லாவிட்டால் கடைக்காரருக்கு அபராதம். கால் கிலோ மீனின் எடையில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று கவனித்துச் சட்டம் எழுதியவர்கள் நம் முன்னோர்.

சாலைக் கேமராவுக்கும் விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. வேகத்தையோ சிக்னல் மீறலையோ பதிவு செய்யும் மின்னணுக் கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரின் வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவுக்கு இத்தனை கட்டுப்பாடு. அதே ஓட்டுநரின் முகத்தைப் படிக்கும் கேமராவுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வண்டி எண்ணைத் தவறாகப் படித்தால் போவது சில ஆயிரம் ரூபாய் அபராதம். முகத்தைத் தவறாகப் படித்தால் போவது ஒருவரின் மானமும் வேலையும். ஆபத்து அதிகமுள்ள இடத்தில் விதி இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தின் சிக்கலைக் காரணம் காட்ட முடியாது. யாரும் விதி எழுத முன்வரவில்லை என்பதே காரணம்.

அட்டையை நீக்கிய கணினி

காவல் நிலையத்தை விடப் பெரிய அளவில் கணினி முடிவெடுக்கும் இடம் நலத்திட்டங்கள். தெலங்கானா இதில் நமக்குப் பக்கத்து வீட்டுப் பாடம். அந்த மாநிலம் ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருளை உருவாக்கி, வாகனப் பதிவு, மின் இணைப்பு, சொத்து போன்ற பல துறைகளின் தரவுகளைக் கோத்து, யார் உண்மையான ஏழை என்று பிரித்துப் பார்த்தது. 2014 முதல் 2019 வரை அங்கே ரத்தான உணவுப் பாதுகாப்பு அட்டைகள் 18 லட்சத்துக்கும் மேல். ரிக்‌ஷா தொழிலாளியாக இருந்து இறந்துபோன ஒருவரைப் பெயர் ஒற்றுமை காரணமாகக் கார் உரிமையாளர் என்று அந்த மென்பொருள் முடிவு செய்ததையும், அவருடைய மனைவி மானிய அரிசி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்ததையும் அல் ஜசீரா 2024 ஜனவரியில் விரிவாக வெளியிட்டது.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ரத்தான அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி தெலங்கானாவுக்கு உத்தரவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல், கள ஆய்வு இல்லாமல் கணினி சொன்னதை மட்டும் வைத்து உணவை நிறுத்தியதுதான் வழக்கின் மையம். காற்றுச் சட்டம் ஆலைக்குத் தரும் நோட்டீஸும் நேரடி ஆய்வும் அரிசி வாங்கும் குடும்பத்துக்குக் கிடைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வளர்ந்த நாடுகளும் இந்தத் தவறிலிருந்து தப்பவில்லை. நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தவர்கள் என்று பல்லாயிரம் பெற்றோர்கள் தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். சந்தேகப் பட்டியலைத் தயாரித்ததில் தானாகக் கற்கும் மென்பொருளுக்கும் பங்கு இருந்தது. குடியேறிய குடும்பங்களே அதிகம் அடிபட்டன. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர்பெற்ற தானியங்கி முறை, ஆண்டு வருமானத்தைச் சராசரியாக வகுத்துப் போட்டு, உதவித்தொகை பெற்ற லட்சக்கணக்கானவர்களிடம் இல்லாத கடனைக் கேட்டது. அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, வெறும் கூட்டல் வகுத்தல். 2023இல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம் அதைக் கொடுமையான, நியாயமற்ற திட்டம் என்று கண்டித்தது. ஏழைகள் மீது கணினியின் முடிவை ஏவும்போது, மென்பொருள் எவ்வளவு புத்திசாலி என்பது இரண்டாவது கேள்விதான். முடிவை மறுக்க வழி இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

தமிழ்நாட்டின் நல்ல சாட்சி

அந்த வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், வீட்டில் கார் இருக்கக் கூடாது என்ற தகுதிகள் அரசுத் துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். மற்றவர்களுக்கு நிராகரிப்பின் காரணம் குறுஞ்செய்தியாக வந்தது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம், வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து முடிவு சொல்வார் என்ற ஏற்பாடும் உடன் வந்தது.

மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2023 நவம்பரில் சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் பெண்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த எண்ணை நின்று பார்க்க வேண்டும். இது செயற்கை நுண்ணறிவுத் திட்டம் இல்லை. தெளிவாக எழுதப்பட்ட தகுதிகள், துறைத் தரவுகள், அதோடு கள ஆய்வு. அப்படியிருந்தும் ஒரு மாநகரத்தின் மக்கள்தொகை அளவுக்கான பெண்கள் மறு விசாரணைக் கட்டத்துக்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள். காரணம் சொல்லாமல், மேல்முறையீடு இல்லாமல் அந்தக் கதவு மூடப்பட்டிருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்களுக்கு இல்லை. நாளைக்கு இதே வேலையை, தன் முடிவுக்கான காரணத்தைத் தானே சொல்ல முடியாத மென்பொருளிடம் கொடுத்தால்? மின் கட்டணம் அதிகம் என்று சொன்னால் ரசீதைக் காட்டி மறுக்கலாம். உங்கள் மதிப்பெண் குறைவு என்று மட்டும் சொன்னால் எதைக் காட்டி மறுப்பது?

2023இன் ஏற்பாடு ஒரு திட்டத்துக்கான அரசாணையாக வந்தது. அது நல்ல மனம் படைத்த நிர்வாகத்தின் கொடை. அடுத்த திட்டத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கொடையை உரிமையாக்குவதுதான் சட்டத்தின் வேலை.

டெல்லி சொல்லும் பதில்

செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சட்டம் இப்போது தேவையில்லை என்பது மத்திய அரசின் நிலை. 2025 நவம்பரில் வெளியான இந்திய செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அவற்றை வரைந்த குழுவின் தலைவர் சென்னை ஐஐடி பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். நம்பிக்கை, மக்களுக்கு முதலிடம், நியாயம், பொறுப்பேற்பு, புரியும்படியான வடிவமைப்பு உள்ளிட்ட ஏழு கோட்பாடுகளை அந்த ஆவணம் முன்வைக்கிறது. கட்டுப்பாட்டை விடப் புதுமைக்கு முன்னுரிமை என்பதும் அந்த ஏழில் ஒன்று. இருக்கும் சட்டங்களைக் கொண்டே பெரும்பாலான தீங்குகளைச் சமாளிக்கலாம் என்பது அதன் வாதம்.

அவசரமாக விதி போடுவதன் ஆபத்தை டெல்லி அனுபவித்தும் இருக்கிறது. 2024 மார்ச் 1 அன்று, முழுமையாகச் சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வெளியிட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தல் விடுத்தது. தொழில்துறை எதிர்த்தது. இரண்டே வாரத்தில், மார்ச் 15 அன்று, அந்த நிபந்தனை நீங்கியது. யோசிக்காமல் போட்ட விதி நிலைக்காது என்ற பாடம் சரிதான். அதிலிருந்து விதியே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவது சரியாகாது.

இருக்கும் சட்டங்கள் போதும் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்ற சோதனைகளை வகுத்தார்கள். முகமறி மென்பொருள் முதல் சோதனையிலேயே தடுக்கி விழுகிறது. அதற்கென்று ஒரு சட்டமே இல்லை.

அடுத்து வந்தது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் பிழையில்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. நல்ல விதி. ஆனால் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் விலக்குத் தர வழி செய்கிறது. மானியங்கள், நலத்திட்டங்களுக்காக ஒப்புதல் பெறாமலே தரவைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்க இயந்திரமே எடுத்த முடிவுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை எழுதப்படவே இல்லை. போதாக்குறைக்கு இதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டது. டெல்லி காவல்துறையின் 80 விழுக்காடு வெளியே தெரிந்தது தகவல் அறியும் உரிமையால்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

போலிக் காணொளிகளைப் பொறுத்தவரை டெல்லி வேகம் காட்டியது. செயற்கையாக உருவாக்கிய படத்துக்கும் குரலுக்கும் அடையாளக் குறி கட்டாயம் என்ற விதி 2026 பிப்ரவரியில் வந்தது. பிரபலங்களின் முகமும் குரலும் களவாடப்படுவது பெரிய தீங்கு என்பதில் இரண்டு கருத்து இல்லை. பிரபலம் நீதிமன்றத்துக்குப் போகலாம், தடையாணையும் பெறலாம். மணலி புதுநகரில் ரேஷன் அட்டை ரத்தான குடும்பம் எந்த வழக்கறிஞரிடம் போகும்? சட்டத்தின் கவனம் முதலில் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பது இங்கே அறம் சார்ந்த கேள்வியாகிறது.

ஆறு ஆண்டாகக் காத்திருக்கும் கொள்கை

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை 2020லேயே வெளியிட்ட மாநிலம் இது. ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டை அந்தக் கொள்கையின் முதுகெலும்பு. அரசு பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு செயற்கை நுண்ணறிவு அமைப்பையும், அது கற்ற தரவில் பன்மை இருக்கிறதா, எல்லோரையும் சமமாக நடத்துகிறதா, அறத்துக்கு உட்பட்டதா, அந்தரங்கத்தைக் காக்கிறதா, தவறான பயன்பாட்டைத் தடுக்கிறதா, தணிக்கைக்கு இடம் தருகிறதா என்று மதிப்பிட்ட பிறகே மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று அது சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே சென்னையில் இந்தச் சிந்தனை எழுத்தில் இருந்தது.

எழுத்தில் இருந்தது கொள்கை என்ற பெயரில். கொள்கையை மீறினால் யாருக்கும் தண்டனை இல்லை. அதைக் காட்டி ஒரு குடிமகன் நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம். 2021இல் வந்த முகமறி மென்பொருளுக்கு டீப்-மேக்ஸ் மதிப்பெண் எவ்வளவு என்று மணலி புதுநகரில் ஒருவர் கேட்டால், அதைச் சொல்லியாக வேண்டிய சட்டக் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

மாநில அரசால் இதில் என்ன செய்ய முடியும், எல்லாம் டெல்லியின் கையில் அல்லவா என்ற கேள்வி எழலாம். காவல்துறையும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலத்தின் நலத்திட்டங்கள் மாநிலத்துடையவை. மாநில அரசு எந்த மென்பொருளை வாங்குகிறது, எந்த நிபந்தனையோடு வாங்குகிறது என்பதும் மாநிலத்தின் முடிவே. சாட்ஜிபிடியை ஒழுங்குபடுத்துவது சென்னையால் ஆகாத காரியமாக இருக்கலாம். தன் காவலர் கையில் இருக்கும் செயலியையும், தன் வட்டாட்சியர் அலுவலகக் கணினியையும் ஒழுங்குபடுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு எதிர்ப்பு தொழில்துறையிலிருந்து வரும்: விதிகள் வந்தால் புதிய நிறுவனங்கள் நசுங்கிவிடும், புதுமை வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று. இதில் உண்மை கொஞ்சம் உண்டு. எல்லா மென்பொருளுக்கும் ஒரே சுமையை ஏற்றினால் சிறியவர்கள்தான் முதலில் விழுவார்கள். அதனால்தான் ஐரோப்பியச் சட்டம் ஆபத்தின் அளவுக்கேற்ப விதியைப் பிரிக்கிறது. பாட்டுப் பரிந்துரைக்கும் மென்பொருளுக்கு அங்கே பெரிய தடை இல்லை. உதவித்தொகைக்குத் தகுதியைத் தீர்மானிக்கும் மென்பொருளுக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. பொது இடத்தில் போலீஸ் உடனுக்குடன் முகம் தேடுவதற்கு, சில விலக்குகள் தவிர, தடையே உண்டு. மனிதரின் சோறும் விடுதலையும் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு மட்டும் தமிழ்நாடு விதி எழுதினால் எந்த நல்ல நிறுவனமும் ஊரைவிட்டுப் போகாது.

கருவி யாரைப் பார்க்க வேண்டும்

மணலி மக்கள் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்பவர்கள் இல்லை. தங்கள் பக்கம் நிற்கும் தொழில்நுட்பத்தைக் கேட்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் வேறோர் உர ஆலைக்குக் கடல் வழியே போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா அளவு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2,090 இருந்ததாக வாரியம் பின்னர் தெரிவித்தது. ஆபத்தை முதலில் அறிந்தது அந்த மக்களின் மூக்கு.

புகைபோக்கி சென்சார்களின் அளவுகளை உடனுக்குடன் பொதுமக்கள் பார்க்கும்படி மாநில வாரிய இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த அளவுகளைத் தமிழில், கைப்பேசியில், தெருப் பெயரோடு மக்கள் கையில் கொண்டுவந்து சேர்ப்பதும், குழாயில் அழுத்தம் குறைந்த நொடியில் பெரியகுப்பத்துக்கு அபாயச் சங்கு ஒலிக்கச் செய்வதும் செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடிய அருமையான வேலைகள். கொசஸ்தலை ஆற்றில் உபரிநீர் திறக்கும்போது மணலி புதுநகரின் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். 2015லும் 2021லும் 2023லும் வெள்ளத்தில் நின்ற பகுதி இது. ஒழுங்குமுறை என்பது தடை போடுவது மட்டும் இல்லை. பொதுப் பணத்தில் வாங்கும் கருவி முதலில் எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வதும் அதில் அடக்கம்.

சட்டப்பேரவை செய்ய வேண்டியது

தேவையான சட்டம் நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. அரசு பயன்படுத்தும் முடிவெடுக்கும் மென்பொருள்கள் அனைத்தின் பட்டியலும், அவற்றின் சோதனை முடிவுகளும், டீப்-மேக்ஸ் மதிப்பெண்ணும் பொதுவில் இருக்க வேண்டும். அட்டை ரத்து, உதவித்தொகை நிறுத்தம், காவல் விசாரணை போன்ற எந்த நடவடிக்கையும் கணினியின் முடிவை மட்டும் வைத்து நடக்கக் கூடாது. பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். அப்போதுதான் மென்பொருள் சொன்னது என்று துறையும், நாங்கள் எண்ணை மட்டுமே தந்தோம் என்று நிறுவனமும் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்ட முடியாது. பாதிக்கப்படுபவருக்கு முன்கூட்டியே தமிழில் நோட்டீஸ், காரணம், பயன்படுத்திய தரவின் பிரதி, 30 நாள் மேல்முறையீடு ஆகியவை உரிமையாக வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை அரிசியும் உதவித்தொகையும் நிற்கக் கூடாது. முகமறி மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை வேண்டும். அதன் பொருத்தம் மட்டும் கைதுக்குக் காரணமாகக் கூடாது.

இப்படி முன்னால் நடந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றியது 1997இல் தமிழ்நாடு. குறைகள் பல இருந்தாலும் மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு மூத்தது அது. அடுத்த ஆண்டே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் இதே பேரவை கொண்டுவந்தது. 2020 கொள்கையைச் சட்டமாக்குவது அந்த வரிசையில் அடுத்த படி. வடசென்னையின் சட்டப்பேரவை உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

அதுவரை மக்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அட்டை நின்றாலோ, உதவித்தொகை மறுக்கப்பட்டாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவெடுத்தது அதிகாரியா மென்பொருளா, எந்தத் தரவை வைத்து என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கக்கூடிய கேள்வி இது. மணலியில் பத்துப் பேர் கேட்டால் பதில் வராமல் போகலாம். பத்தாயிரம் பேர் கேட்டால் சட்டம் வந்தே தீரும்.